பாயிண்ட் ஒன் கட்

பாண்டிச்சேரியில் ஒருத்தரையும் நிம்மதியாக நடக்கவிடாத மனிதர் என்றால் அது எங்கள் ஆபீஸ் 'பாயிண்ட் ஒன்'தான். நேரில் பிரெஞ்சு மரியாதையில் 'முசியே', முதுகுக்குப் பின்னால் 'பாயிண்ட் ஒன்'. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் புழங்கவில்லை.

மனிதர் ஜிம்னாஸ்டிக்ஸ் ஜட்ஜ். எப்போதாவது போட்டி நடந்தால் ஜட்ஜ். மற்ற நாளெல்லாம் என் பக்கத்து நாற்காலியில் கிளார்க். ஆனால் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவதை மட்டும் ஒருநாளும் நிறுத்தியதில்லை. நெல்லித்தோப்பில் ஓடும் பஸ்ஸிலிருந்து நான் குதித்தால், "லேண்டிங்ல ஒரு ஸ்டெப் கூட வெச்சிட்ட. பாயிண்ட் ஒன் கட்" என்பார். ஒரு மழைநாளில் எங்கள் டைரக்டர் படிக்கட்டில் வழுக்கி உருண்டார். நாங்கள் தூக்க ஓடினோம். இவர் நின்ற இடத்திலிருந்தே, "சுத்துனது நல்லாதான் இருக்கு சார். முழங்கால் ஒட்டல. எட்டு புள்ளி நாலு" என்றார். மெமோ வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, காலைச் சேர்த்து நின்று இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினார். ஆட்டத்தை முடித்ததும் அப்படித்தான் காட்ட வேண்டுமாம்.

ஒன்பதைத் தாண்டினால் "பா மால்" என்பார். 'பரவாயில்லை' என்பதற்குப் பிரெஞ்சு. அதற்குமேல் அவர் யாரையும் புகழ்ந்ததில்லை. பத்து? மூச்!

"பத்துன்னா சும்மாவா? ருமேனியாலேருந்து ஒரு பொண்ணு, பதினாலு வயசு. ஒலிம்பிக்ஸ்ல மொத மொதல்ல பத்து வாங்குச்சு. ஸ்கோர் போர்டுல பத்துன்னு காட்டவே எடமில்லய்யா. ஒன்னுன்னு காட்டிச்சு!" மாதம் இரண்டு தடவையாவது இதைச் சொல்வார். சொல்லும்போது கண் கலங்கும்.

"நீங்க யாருக்காச்சும் போட்டிருக்கீங்களா முசியே?" என்று ஒருநாள் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன். ஃபைலைத் தூக்கிக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டார். மறுநாள் சாப்பாட்டு வேளையில் தானாகவே ஆரம்பித்தார்.

ஒரே மகள் ஸ்டெல்லா. தாயில்லாத பெண். பதிமூன்று வயதில் மாநில அணிக்குத் தேர்வு. நாலு அங்குல அகலக் கட்டைமேல் ஆட வேண்டும். ஊரில் ஜட்ஜுக்குப் பஞ்சம். அந்தக் கட்டைக்கு இவர் ஒருவர்தான்.

"கட்டைய விட்டு குதிக்கற வரைக்கும் பத்து. சத்தியமா பத்து. தரையில நின்னப்ப எடது கால் இத்துனூண்டு நகந்துச்சு." சுண்டுவிரல் நுனியைக் காட்டினார். "வேற யாரும் பாக்கல. நான் பாத்துட்டனே!"

பாயிண்ட் ஒன் கட். அந்தப் பாயிண்ட் ஒன்னில் பெண்ணுக்கு அணியில் இடம் போயிற்று. "நான் நகரவே இல்ல!" என்று கத்திவிட்டு அத்தை வீட்டுக்குப் போனவள், அதற்கப்புறம் ஆடவும் இல்லை, அவரோடு பேசவும் இல்லை. காரைக்காலில் கல்யாணம் நடந்தபோது பெற்ற அப்பனுக்குப் பத்திரிகை தபாலில் வந்தது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "பெத்த பொண்ணு முசியே! கண்ண மூடிக்கிட்டு போட்டிருந்தா என்ன கொறஞ்சுடும்?"

"மூடியிருக்கலாம். அதுக்குள்ள பாத்துட்டேன்" என்றார். சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே, "அந்தப் பத்த அவளுக்குன்னுதான் வெச்சிருக்கேன். என்னைக்காச்சும் வருவா. நடந்து வந்தாலே போட்டுடுவேன்."

இரண்டாயிரத்து ஆறில் ஒருநாள் கையில் ஒரு காகிதத்தோடு ஆபீசுக்கு வந்தார். முகம் செத்திருந்தது. உலகம் முழுக்க மார்க் போடும் முறையையே மாற்றிவிட்டார்களாம்.

"பத்த தூக்கிட்டானுங்கய்யா. கஷ்டத்துக்கு ஒரு மார்க்காம், சுத்தத்துக்கு ஒரு மார்க்காம். கூட்டுனா பதினஞ்சு வருது, பதினாறு வருது. எங்கிட்ட இருந்தது பத்துதான். இனிமே அவ வந்தா நான் என்னத்த குடுப்பேன்?"

அன்றோடு மார்க் போடுவதை விட்டுவிட்டார். அவர் கண்ணெதிரே பஸ்ஸிலிருந்து குதித்து, வேண்டுமென்றே நாலு ஸ்டெப் தடுமாறிக் காட்டினேன். பார்த்தார். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். ஆபீசில் எல்லாரும் நிம்மதியாக நடந்தோம். எனக்கு அந்த நிம்மதி பிடிக்கவே இல்லை.

அடுத்த வருஷம் மாரடைப்பு. கல்லறையில் பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது ஒரு பக்கத்துக் கயிறு நழுவிற்று. பெட்டி சாய்ந்து 'தொம்' என்று உட்கார்ந்தது. ஃபாதரே ஜெபத்தை நிறுத்திவிட்டார். எங்கள் ஆபீஸ்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"லேண்டிங் சரியில்ல. பாயிண்ட் ஒன் கட்."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல். திரும்பினேன். முக்காடு போட்ட முகம். மூக்கும் நெற்றியும் அப்படியே அவருடையவை. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

கல்லறை வாசலில் என்னிடம் வந்தாள். "அப்பா பாத்தது சரிதான் அங்கிள். அன்னைக்கி கால் நகந்துச்சு. எனக்கு அப்பவே தெரியும்."

"அத அவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லணும்னு ரெண்டு தடவ பஸ் ஏறினேன். பாதியில எறங்கிட்டேன்."

அவர் அவளுக்காக வைத்திருந்த பத்தைச் சொன்னேன். நடந்து வந்தாலே போட்டிருப்பார் என்பதையும் சொன்னேன். அவள் குழியிருந்த பக்கம் திரும்பி, காலைச் சேர்த்து, கொஞ்சமும் ஆடாமல் நெடுநேரம் நின்றாள்.

எனக்கு ஒருநாளும் ஒன்பதுக்கு மேல் போடாத மனிதர். நான் அவருக்குப் பத்தே போட்டிருப்பேன். ஆனால் அந்தக் கடைசி லேண்டிங்குக்குக் கட் பண்ணாவிட்டால் எழுந்து வந்து சண்டை பிடிப்பார். ஒன்பது புள்ளி ஒன்பது. பா மால், முசியே.