டிபன் கேரியரில் ஒரு மடக்கு கேமரா

இந்த முறை தாஹிராவிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று முடிவு செய்தேன். பெங்களூர் பஸ்ஸில் ஏறும்போது, ஒரு கால் படியிலும் ஒரு கால் ஓசூர் ரோட்டிலுமாக நின்று எடுத்த முடிவு.

பெங்களூர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலிருந்து நான் இதற்கு முன் வாங்கி வந்த கிராமபோன் பாடவில்லை. சுவர்க் கடிகாரம் ஓடவில்லை. மேசை விசிறி மட்டும் சுற்றியது, எதிர்ப்பக்கமாக. விசிறி வந்த அன்றைக்கே என் மனைவி தாஹிரா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"இன்னொரு பழைய சாமான் இந்த வாசப்படி தாண்டட்டும். அப்புறம் உங்க ஞாயித்துக்கிழமை எனக்குச் சொந்தம். பெங்களூர் பஸ்ஸைக் கண்ணால பாக்கலாம். ஏற முடியாது."

வாரத்தில் ஆறு நாள் நான் கம்பெனி லேத் மெஷினுக்குச் சொந்தம். ஏழாவது நாளும் போய்விட்டால் ஷேக் தாவூத் என்று ஒருவன் எதற்கு இருக்க வேண்டும்? ஆனால் ஆசை யாரை விட்டது? தினமும் கையோடு எடுத்துப் போய்ப் படம் பிடிக்க எனக்கு ஒரு மடக்கு கேமரா வேண்டும். மூடினால் பெட்டி. பட்டனைத் தட்டினால் மூக்கை நீட்டிக்கொண்டு வெளியே வரும்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார்.

"சார், இது பெரிசு. லென்ஸ் நோடி, பாருங்க, பளிங்கு. எதிர்ல நிக்கிற ஆள் எத்தனை அடி தூரம்னு இதே சொல்லும். இது சின்னது. தூரத்தை நீங்கதான் சொல்லணும். தப்பாச் சொன்னா படம் மசமசன்னு வரும்."

நான் பையிலிருந்து டிபன் கேரியரை எடுத்து அடி அடுக்கைக் கழற்றினேன்.

"ஊட்டா ஆமேலே சார்! சாப்பாடு அப்புறம். மொதல்ல கேமரா பாருங்க."

"சாப்பிடலீங்க. அளக்கிறேன்."

பெரியது அடுக்குக்குள் போகவில்லை. சின்னது அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது.

"இதையே குடுங்க."

"லென்ஸ் பாக்கல, மூக்குத் துருத்தியில ஓட்டை இருக்குதான்னு பாக்கல..."

"மூடி மூடுது. அது போதும்."

அன்று மாலையே முதல் ஆபத்து வந்தது.

"தாஹிரா, நாளையிலருந்து சோறு ரெண்டு அடுக்கு போதும். வயிறு மந்தமா இருக்குது."

"அப்ப அடி அடுக்கைக் கழட்டி வச்சிடறேன்."

"வேணாம்! அது இருந்தாத்தான் கேரியர் நேரா நிக்கும். இன்னொண்ணு, கேரியரை இனிமே நானே கழுவிக்கிறேன். பாவம், நீ எவ்வளவு வேலைதான் பாப்ப?"

"பதினோரு வருசமா தெரியாத பாவம் இன்னிக்குத் தெரிஞ்சுதா?"

தாஹிரா வீட்டில் ஜாக்கெட் தைப்பவள். என்னைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்வையாலேயே அளந்தாள்.

எங்கள் கம்பெனிக்குள் கேமரா கொண்டுபோகக் கூடாது. கேட்டில் நிற்கும் வெங்கடப்பன் தினமும் கேரியரைத் தட்டிப் பார்ப்பார்.

"என்ன கொழம்பு பாய்?"

"கருவாடு. தொறக்கட்டுங்களா?"

"ஐயோ, வேணாம். போங்க."

வீட்டு வாசலில் ஒரு கண்டம், கம்பெனி வாசலில் ஒரு கண்டம். இடையில் அரைவயிற்றுச் சோறு. ஒரே வாரத்தில் பேன்ட் இடுப்பில் நிற்க மறுத்தது.

காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். வரும் வழியில் ஒரு படம் எடுப்பேன். வீட்டுக்கு வந்து மேல் அடுக்குகளை மட்டும் கழுவிவிட்டு ஐந்து மணி வரை தூங்குவேன். கேமராவின் முதுகில் சின்னதாக ஒரு சிவப்புக் கண்ணாடி. எத்தனையாவது படம் என்று அதில் எண் தெரியும். செவ்வாய்க்கிழமை இரண்டாவது படத்தை எடுத்து, மூன்றுக்குத் திருப்பி வைத்தேன்.

புதன்கிழமை ஏரிக்கரையில் திறந்தேன். ஐந்து!

தூக்கக் கலக்கத்தில் நானே திருப்பிவிட்டேன் போலும் என்று மனதைத் தேற்றி, ஒரு படம் எடுத்து ஆறில் வைத்தேன். வியாழக்கிழமை ஒன்பது. வீட்டில் கேட்கவும் வழியில்லை. கேட்டால் கேமரா வெளியே வரும், ஞாயிற்றுக்கிழமை உள்ளே போகும்.

"தாஹிரா, நான் தூங்கறப்ப யாராச்சும் வந்தாங்களா?"

"வந்தாங்க."

"யாரு?"

"நாகம்மா, கெம்பம்மா. அளவு குடுக்க."

"சமையல்கட்டுப் பக்கம் போனாங்களா?"

"அங்க என்ன இருக்குது?"

"ஒண்ணுமில்ல! கேரியர் இருக்குது."

"கேரியர்ல என்ன இருக்குது?"

"ஒண்ணுமில்ல!"

"ஓகோ," என்று சொல்லிவிட்டு அவள் தையல் மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை எண்ணே இல்லை. பிலிம் தீர்ந்திருந்தது. பன்னிரண்டு படச் சுருளில் நான் எடுத்தது நாலே நாலு. ஸ்டுடியோ சென்னகிருஷ்ணனிடம் கழுவக் கொடுத்தேன். மறுநாள் அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"பாய், நாலு படம் மசமசன்னு இருக்குது. மத்த எட்டும் கண்ணுல ஒத்திக்கலாம். ஒரே ஆளு எப்படி ரெண்டு விதமா எடுக்கறீங்க?"

வாங்கிப் பார்த்தேன். நாகம்மா. கெம்பம்மா. முனிலட்சுமி. தில்ஷாத். எல்லோரும் என் வீட்டுச் சுவருக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசிப் படத்தில் நான். பாயில் வாயைப் பிளந்து தூங்குகிறேன். பல்லை எண்ணலாம், அவ்வளவு தெளிவு.

கவரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பூனை போல வீட்டுக்குள் நுழைந்தேன். தாஹிரா கையை நீட்டினாள்.

"போட்டோ வந்துடுச்சா? நாகம்மா காலையிலருந்து ரெண்டு தடவை கேட்டுட்டா."

கேமராவை மடக்கி வைத்து அவளை மடக்கிவிடலாம் என்று பார்த்தேன். மடங்கியது நான்தான். கவரை எடுத்து நீட்டினேன்.

"எப்பக் கண்டுபுடிச்ச?"

"கேரியரைக் கழுவறேன்னு சொன்னீங்களே, அப்பவே."

"படம் எடுக்க யாரு சொல்லிக் குடுத்தா?"

"கேமராவோட ஒரு காகிதம் மடிச்சு வச்சிருந்துச்சு. நீங்க பிரிக்கவே இல்ல. எத்தனை அடின்னு பாத்து வளையத்தைத் திருப்பணும்னு படம் போட்டிருந்துச்சு. நான் தையல் டேப்பை வச்சு அளந்தேன். நீங்க?"

"குத்துமதிப்பா..."

அவள் என் படங்களில் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தாள். "இது எருமைங்களா?"

"ஏரி."

கடைசி முயற்சியாகக் கெஞ்சினேன். "கேமராவைத் தூக்கிப் போட்டுடறேன். ஞாயித்துக்கிழமையை மட்டும் விட்டுடு."

"தூக்கிப் போடறதா? துபாய்ல இருக்கிற புருசனுக்குப் போட்டோ அனுப்ப தில்ஷாத் ஒரு வருசமா தவிச்சா. முனிலட்சுமி மகளுக்குக் கம்பெனி வேலைக்கு மனு போடணும். ஸ்டுடியோவுல ஆம்பளை முன்னாடி உக்காரக் கூச்சப்படறாங்க. அதுக்கோசரம் எல்லாரையும் இங்க வரச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை."

"அப்ப நான்?"

"முக்காட்டை எடுத்துட்டு உக்காருவாங்க. ஆம்பளை உள்ள இருக்கக் கூடாது. வாசல்லயே நில்லுங்க, பஸ்ஸுல ஏற முடியாதுன்னு அன்னிக்கே சொன்னேன்ல."

இது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கிறது. வாசலில் இருக்கும் ஒரு முழ நிழலில் நாலு புருஷன்மார் சுவரோடு ஒட்டி நிற்கிறோம். பெங்களூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. எனக்கு அழுகை வருகிறது.

ஜவளகிரியிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார்.

"கேமராக்காரம்மா வூடு இதுதானுங்களா?"

"இதுதான்."

கதவு திறந்து, அவர் மனைவியை மட்டும் உள்ளே விட்டு, மூடிக்கொண்டது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க யாருங்க?"

வீட்டுக்காரன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"எனக்குப் பின்னாடி நில்லுங்க," என்றேன்.