டாக்டர் வரும்போது யாருக்கும் காய்ச்சல் இல்லை

சேசு மரி சூசை துணை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
1931 செப்டம்பர், ஞாயிற்றுக்கிழமை

கனம் பொருந்திய பெரிய மச்சான் கிளாரன்ஸ் அவர்களுக்கு, தங்கை ஜோசஃபினின் புருஷன் இக்னேஷியஸ் பணிவோடு எழுதிக்கொண்டது. தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். சுகமாயிருக்க வழியில்லை என்பதும் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ரயிலில் பாயும் தலையணையுமாக உங்கள் கிள்ளான் வீட்டு வாசலில் வந்திறங்கிய கூட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்தருளவும். வீட்டுக்குப் பின்னால் எஞ்சின் ஷண்டிங் நடக்கிறது, மேஜை ஆடிக்கொண்டே இருக்கிறது.

எங்கள் ரயில்வே லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஓடும், ஓடும் என்றா சொன்னேன், கிடக்கும் அந்தச் சாக்கடையைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். கொசு அங்கே பிறந்து இங்கே சாப்பிடுகிறது. குளிர்காய்ச்சல் இல்லாத வீடு இல்லை. தங்கள் தங்கை ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டிலோடு சேர்ந்து நடுங்குகிறாள், கொயினா மாத்திரை தின்று தின்று காது இரைகிறது என்கிறாள், ஆள் பாதியாகிவிட்டாள். மழைக்காலம் வந்தால் என்ன ஆகுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். அதனால்தான் கூட்ஸ் ஷெட்டில் கணக்கெழுதும் கிராணி வேலை போக மிச்ச நேரத்தில் சுகாதாரத் தொண்டர் சபை என்று ஒன்றை ஆரம்பித்தேன். நான் காரியதரிசி, தந்தி ஆபீஸ் வாசு மற்றதெல்லாம். சுகாதார டாக்டர் துரையைப் போய்ப் பார்த்தோம். அவர் நல்ல மனுஷர். “சிமிட்டிக் கால்வாய் இப்போதைக்கு ஒரு லயத்துக்குத்தான் கட்ட முடியும், உங்கள் லயம் ஒன்று, பக்கத்து லயம் ஒன்று, இரண்டையும் நேரில் வந்து பார்க்கிறேன், எங்கே நோயாளி அதிகமோ அங்கே முதலில்” என்றார். இதைவிட நியாயம் உண்டா? நோயாளியைக் காட்ட வேண்டியது ஒன்றுதான் எங்கள் வேலை.

நானும் வாசுவும் வீடு வீடாகப் போனோம். முதல் வீடு பாயிண்ட்ஸ்மேன் சின்னையா வீடு. உள்ளே அவன் பல் அடித்துக்கொள்கிற சத்தம் வாசல்வரை கேட்கிறது. அவன் சம்சாரம் வீரம்மா கதவை மறித்து நின்று, “காய்ச்சலா? எங்க வீட்லயா? யாரு சொன்னா? எதிர்வீட்ல போய்க் கேளுங்க” என்றாள். “அப்ப உள்ள யாரும்மா நடுங்குறது?” என்றான் வாசு. “அது நைட் டூட்டி பாத்த அசதி. நீங்க உக்காந்து காப்பி குடிங்க, அண்ணே.” எதிர்வீட்டில் கேட்டால் அவர்கள் வீரம்மா வீட்டைக் காட்டினார்கள், அங்கேயும் காப்பி. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வீடாம், காய்ச்சல் என்று ஊருக்குத் தெரியலாமா? லயம் முழுக்க நடந்து காப்பிதான் குடித்தோம், ஒரு நோயாளி கிடைக்கவில்லை. வாசுவுக்கு வயிறு கலங்கிவிட்டது, அவனையே சேர்த்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “சனிக்கிழமை டாக்டர் துரையே நம்ம வீடுகளுக்கு வர்றாரு” என்று சொல்லித் தொலைத்தேன். அவ்வளவுதான்! நம் ஜனங்களைப் பற்றித் தாங்கள் அறியாததா? ஒரு பெரிய மனுஷன் வீட்டுக்கு வருகிறான் என்றால் பந்தல் போடாத குறைதான். வெள்ளியன்று நான் ஆபீசிலிருந்து வருகிறேன், லயத்துக்கே சுண்ணாம்பு அடித்திருக்கிறது, மாவிலைத் தோரணம் கட்டியிருக்கிறது, அந்தோணியார் படத்துக்கு நம் வீட்டில் புது மாலை. கடைசி வீட்டு ரெங்கசாமி இளவட்டங்களைக் கூட்டிக்கொண்டு சாக்கடையை வாரி, மண்ணெண்ணெய் ஊற்றி, மேலே பலகை பரப்பி, பலகைமேல் குரோட்டன்ஸ் தொட்டி வரிசையாக வைத்திருக்கிறான்! “எப்படிண்ணே? சும்மா பூங்கா மாதிரி இல்ல?” என்கிறான். பாவி! கட்டிலில் கிடந்த சின்னையா எங்கே, மற்றவர்கள் எங்கே என்று கேட்டால், ஜோசஃபின் சாவகாசமாக, “எங்க பெரியண்ணன் வீடு பெரிசுல்ல, மத்தியான வண்டியில ஏத்தி விட்டாச்சு” என்றாள்.

சனிக்கிழமை டாக்டர் வந்தார். பிள்ளைகள் எண்ணெய் தேய்த்துக் குளித்து வரிசையாக நின்று சலாம் போட்டன. ஜோசஃபின் காய்ச்சலோடு நின்று உளுந்து வடை சுட்டாள். அவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, என்ன இவ்வளவு சூடு என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, “அடுப்புப் பக்கத்துல நின்னேன் டாக்டர்” என்றாள். வாசு அதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டான். டாக்டர் தோட்டத்தை, அதுதான் அந்தச் சாக்கடையை, வெகுவாக மெச்சினார். நோயாளி எங்கே என்றார். வீரம்மா வடைத் தட்டை நீட்டினாள். பக்கத்து லயத்திலோ வாசல்கூடக் கூட்டவில்லை, அத்தனை பேரும் பாயில் கிடந்து முனகியிருக்கிறார்கள். கால்வாய் அவர்களுக்கு. எங்களுக்குப் பாராட்டு.

வாசு டாக்டர் காருக்குப் பின்னால் ஓடி, உண்மையைச் சொல்லிக் கெஞ்சியதில், அவர் சிரித்துவிட்டு வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார். சிமிட்டி அதற்குப் பிறகுதான் வருமாம், அதுவரை முடிவை மாற்றலாமாம். ஆகையால் மச்சான், தயவுசெய்து அத்தனை பேரையும் வியாழக்கிழமை வண்டியில் திருப்பி அனுப்பவும். அக்கா கைப்பக்குவத்தில் மீன் குழம்பு ஊற்றி அதற்குள் தேற்றிவிட வேண்டாம். இந்த முறை நான் விடப்போவதில்லை. ஒருத்தர் துடைப்பத்தைத் தொடக்கூடாது. குரோட்டன்ஸ் தொட்டியைப் பார்த்தால் ரெங்கசாமி தலையில்தான் உடைப்பேன். ஜோசஃபின் தலை வாராமல், கம்பளி போர்த்தி, முன் அறையிலேயே படுத்து நடுங்குவாள். இருப்பதை இருக்கிறபடி காட்டுவதில் என்ன வெட்கம்? இந்த வறட்டு கௌரவத்தால்தானே நாம் உருப்படாமல் போகிறோம்?

அக்காவுக்கு என் வந்தனம், பிள்ளைகளுக்கு என் முத்தம். அந்தோணியார் உங்கள் வீட்டையும், வந்திருக்கிற விருந்தாளிகளையும், எங்கள் கால்வாயையும் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
ம. இக்னேஷியஸ்

பின்குறிப்பு: ஜோசஃபின் இதை வாங்கிப் படித்துவிட்டாள். “டாக்டர் வர்ற வீட்ல நான் தலைவிரிகோலமா கெடக்கணுமா? என் மானம் கப்பலேறவா?” என்று எழுந்து திரைச்சீலை துவைக்கிறாள். வீரம்மா மறுபடி சுண்ணாம்பு கரைக்கிறாள். ஆகவே யாரையும் அனுப்ப வேண்டாம். உங்கள் வீட்டு நீலக்கரைப் பீங்கான் கோப்பைகளை மட்டும் ரயில் கார்டிடம் கொடுத்து அனுப்பவும், டாக்டருக்கு டீ கொடுக்க.

இன்னொன்று, அவளிடம் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையில் இங்கே ஷண்டிங் கிடையாது. மேஜை ஆடுவது என்னால்தான், காலையிலிருந்து நடுங்குகிறது. சபையின் காரியதரிசியே காய்ச்சலில் கிடந்தால் டாக்டர் என்ன நினைப்பார்? வியாழக்கிழமை வண்டியில் நானும் வருகிறேன். இன்னொரு பாய் விரித்து வைக்கவும்.