சனிக்கிழமை வராதீங்க அக்கா, ஒரு பழந்தான் மிச்சம்

பேரன்புக்கும் பெருமதிப்புக்குமுரிய 'வேரும் விரலும்' இயற்கை விவசாயச் சேனலின் ஆசிரியர் பிரியந்தி அக்கா அவர்களுக்கு,

கந்தப்பளைக்கு மேலே, மேல்டிவிசன் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து பிரேமினி பனியோடும் பதற்றத்தோடும் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலமில்லை. நீங்கள் நலம் என்பதைக் காலை ஆறு மணி ஸ்டேட்டஸிலேயே பார்த்துவிட்டேன். இஞ்சி போட்ட பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தீர்கள். ஆகவே சம்பிரதாயத்துக்குக்கூட நலம் விசாரிக்கவில்லை, மன்னிக்கவும். கையால் எழுதுகிறவர்களுக்குத்தான் முதலில் பதில் போடுவேன் என்று அறுபத்தோராவது வீடியோவில் பதினோராவது நிமிஷத்தில் சொன்னீர்கள். அதனால்தான் கையால் எழுதி, போட்டோ எடுத்து, வாட்ஸப்பில் அனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். நாளை மறுநாள் சனிக்கிழமை எங்கள் ஸ்ட்ராபெரித் தோட்டத்தை வீடியோ எடுக்க வருவதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து வராதீர்கள். (இந்த இடத்தில் அழுகிற முகம் மூன்று போட்டுக்கொள்ளுங்கள். பேனையால் வரைந்தேன், சிரிக்கிற மாதிரி வந்துவிட்டது.)

தோட்டம் என்றால் பெரிய தோட்டம் இல்லை அக்கா, லயத்துக்குப் பின்னால் பத்து பேர்ச் நிலம். அதில் என் அப்பா முத்துலிங்கம் லீக்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தேயிலைத் தோட்டத்தில் பூச்சிமருந்தடிக்கிற வேலை. இருபது வருஷமாக முதுகில் டாங்கியோடு நடந்து நடந்து, டாங்கி இல்லாத நாளிலும் கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்துதான் நடப்பார். அவரிடம் போய் நான் மருந்தே அடிக்காமல் ஸ்ட்ராபெரி போடப் போகிறேன் என்று சொன்னால் எப்படி இருக்கும்? "மருந்தடிச்ச காசுலதான் ஒன்ன ஏ.எல். வரைக்கும் படிக்க வச்சேன், அந்தப் படிப்ப வச்சிக்கிட்டு எனக்கே மருந்து வேணாங்கிறியா?" என்று கேட்டார். நான் உங்கள் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். "இந்தப் புள்ளையோட நகத்துல அழுக்கே இல்லியே"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. (கோபிக்க வேண்டாம். நான் உங்கள் பக்கம்தான் பேசினேன்.) கடைசியில் ஒரு ஒப்பந்தம். இந்த முதல் காய்ப்பு வரைக்கும் பத்து பேர்ச்சும் எனக்கு. அது சரிவராவிட்டால் வருகிற திங்கட்கிழமை எல்லாச் செடியையும் கொத்திவிட்டு லீக்ஸ். அப்பா சொன்னால் சொன்னதுதான். நாற்றுகூட வாங்கிவிட்டார். ஈரச் சாக்கு சுற்றி வாசலில், என் செருப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். நான் செருப்புப் போடும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கிறது அக்கா.

எட்டு மாதம். நீங்கள் சொன்னதெல்லாம் செய்தேன். முதலில் வந்த பூவைக் கிள்ளிவிடுங்கள் என்றீர்கள், முந்நூறு செடியிலும் கிள்ளினேன்; அன்றைக்கு அப்பா என்னோடு பேசவில்லை. மண்ணுக்கு மேலே பைனஸ் மரத்து ஊசியிலை போடுங்கள் என்றீர்கள், மலை ஏறி மூட்டை மூட்டையாகக் கட்டிவந்தேன். பூண்டும் மிளகாயும் அரைத்துத் தெளிக்கச் சொன்னீர்கள், தெளித்தேன். காற்று என் பக்கம் அடித்தது, அது உங்கள் வீடியோவில் இல்லை. நத்தை பொறுக்கினேன். கொண்டைக்குருவி விரட்டினேன். நேற்றுக் காலை போய்ப் பார்த்தால் அக்கா, சத்தியமாகச் சொல்கிறேன், ஒவ்வொரு செடியிலும் அஞ்சு ஆறு காய், பாதி வெள்ளை, பாதி லேசாகச் சிவந்து, சனிக்கிழமைக்கென்றே முகூர்த்தம் பார்த்து வைத்த மாதிரி. முப்பது நாப்பது மட்டும் முன்னாலேயே பழுத்திருந்தன.

அந்த முப்பது நாப்பதில்தான் என் தலைவிதி மாறியது. கந்தப்பளை டவுனில் ஹுசைன் நானா பழக்கடை வைத்திருக்கிறார். "ஒரு பெட்டி கொண்டாந்து காட்டுங்க மகள், நல்லா இருந்தா கிழமைக்குக் கிழமை எடுக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். இன்றைக்கு நான் பெட்டி வாங்க டவுனுக்குப் போனேன். போகும் வழியில் அம்மாவுக்கு போன் பண்ணி, அரை நாளோடு கொழுந்து வேலை முடிந்து வந்ததும் அப்படியே பழத்தைக் கொஞ்சம் பறித்து வைக்கச் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். எப்படிப் பறிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. என் அம்மா மீனம்மா இருபத்தி ரெண்டு வருஷம் கொழுந்து பறிச்சவங்க. அவங்களுக்கு நான் பறிக்கச் சொல்லிக் குடுக்கிறதா?

சொல்லிக் குடுத்திருக்கணும்!

அம்மா தனியா வரல. பக்கத்துக் காம்பரா வீட்டு அழகம்மா பெரியம்மாவையும் கூட்டிட்டு வந்திருக்காங்க. ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு வரிசையா நெர பிடிச்சு, இடுப்புல படங்குச் சாக்கு கட்டி, முதுகுல கூடையை மாட்டி, ரெண்டு கையாலயும் படபடபடன்னு பறிச்சு, தலைக்கு மேலால கூடைக்குள்ள வீசியிருக்காங்க. ஸ்ட்ராபெரிய! தலைக்கு மேலால! நான் பெட்டியும் கையுமா வந்து பார்க்கிறேன், மொத்தத் தோட்டமும் மொட்டையா நிக்குது. பழம் இல்ல, காய் இல்ல, பிஞ்சு இல்ல, பூ இல்ல, மொட்டும் இல்ல. செடியெல்லாம் ஒரே மட்டத்துல, தேயிலை மாதிரி, தட்டையா, அழகா. முப்பத்தஞ்சு நிமிஷத்துல முந்நூறு செடி. உங்க சேனல்ல இப்பிடி ஒரு வேகத்த நீங்க காட்டினதே இல்ல.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க?"ன்னு கத்தினேன்.

"ஏண்டி கத்துற? சுத்தமா எடுத்திருக்கோம். ஒண்ணு விட்டிருந்தா காட்டு பாப்போம்"ன்னாங்க அம்மா.

"விடணும்மா! வெள்ளையா இருக்கிறத விடணும்!"

அழகம்மா பெரியம்மா இடுப்புல கைய வச்சிட்டு என்னய மேலயும் கீழயும் பாத்தாங்க. "நல்லாருக்குடி நியாயம். மலையில ஒரு கொழுந்த விட்டா கங்காணி ஏசுறான், அவனுக்கு மேல கண்டாக்கு ஐயா ஏசுறாரு. இங்க விடலன்னு நீ ஏசுற. எங்களுக்கு ஏச்சு வாங்காம ஒரு எடம் இருக்கா இல்லியா?"

நான் அப்பிடியே பாத்தியில உக்காந்துட்டேன். பெரியம்மாவுக்கு அதுக்குள்ள வேற கவலை. "சரி, நிறுத்துப் பாரு. ஒம்போது கிலோவாச்சும் வரும். மலையில கழிக்கிற மாதிரி ஈரம்னு சொல்லி ரெண்டு கிலோ கழிச்சியோ, அப்புறம் இருக்கு ஒனக்கு!"

அக்கா, ஒன்பது கிலோ இருநூறு கிராம். கழிக்கவில்லை.

அடியில் இருந்த நல்ல பழமெல்லாம் கூடைக்குள் நசுங்கி, அம்மாவின் முதுகில் சிவப்பாக வழிந்து, அதைப் பார்த்து நான் ரத்தம் என்று பயந்தது தனிக்கதை. மேலே இருந்ததெல்லாம் கல்லு மாதிரி வெள்ளைக் காய். சரி, அதையாவது ஒளித்து வைக்கலாம் என்று நினைத்தால், அம்மா முதல் கைப்பிடியை மாரியம்மனுக்கு எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைப் பங்கு போட ஆரம்பித்துவிட்டார். மொத விளைச்சல், லயத்தில் பன்னிரண்டு காம்பரா, ஒரு வீட்டுக்குக் கொடுத்து ஒரு வீட்டுக்குக் கொடுக்காவிட்டால் பைப்படியில் தண்ணி பிடிக்கப் போக முடியாது. பன்னிரண்டு வீட்டிலும் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு வீட்டிலிருந்தும் ஒரே சத்தம். கடைசி வீட்டில் "புள்ள பாவம், எட்டு மாசமா புளியங்காயவா வளத்துச்சு"ன்னு சொன்னது என் காதில் விழுந்தது. பெரியம்மா மட்டும் அசரவில்லை. உப்பு, மிளகாய்த்தூள், சீனி, வினிகர் போட்டு அச்சாறு பண்ணிவிட்டார். ஆர்கானிக் அச்சாறு. எனக்கு ஒரு கோப்பை அனுப்பினார். அழுதுகொண்டே சாப்பிட்டேன். உறைப்புத்தான் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

அப்பா வேலை முடிந்து வந்தார், மொட்டைத் தோட்டத்தைப் பார்த்தார், லீக்ஸ் நாற்றுச் சாக்குக்குக் கொஞ்சம் தண்ணி தெளித்துவிட்டு உள்ளே போனார். ஏசியிருந்தால் பரவாயில்லை அக்கா.

அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் தப்பியது ஒரே ஒரு பழம். ஓரத்துப் பாத்தியில், பைனஸ் இலைக்குள் புதைந்து, நல்ல ரத்தச் சிவப்பு. இருபத்தி ரெண்டு வருஷ அனுபவத்தை ஏமாற்றிய பழம். அதை நான் பறிக்கவில்லை. செடியோடேயே விட்டு, மேலே சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, அதன்மேல் கல் வைத்திருக்கிறேன். அதை வைத்துக் கிட்டத்தில் எடுத்தே வீடியோவை ஒப்பேற்றலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், உண்மை. ஆனால் பொய் சொல்லி விற்பதும் ஒரு மருந்துதான் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். (இருபத்தெட்டாவது வீடியோ.)

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, சனிக்கிழமை வராதீர்கள். மறுபடி பூத்துப் பழுக்க ஒன்றரை மாதமாவது ஆகும். இரண்டு, திங்கட்கிழமைக்கு முன்னால் இதே நம்பருக்கு எடுத்து அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஒன்றரை மாதம் மட்டும் கேளுங்கள். நான் கேட்டால் மகள், நீங்கள் கேட்டால் பத்தாயிரம் சப்ஸ்கிரைபர்.

உங்கள் செடிகளுக்குப் பூச்சி வராமலும், உங்கள் வீடியோக்களுக்கு நடுவில் விளம்பரம் நிறைய வந்தும், நீங்கள் நீடூழி வாழ மேல்டிவிசன் மாரியம்மனை (ஸ்ட்ராபெரி சாப்பிட்ட முகத்தோடு இருக்கிறாள்) வேண்டிக்கொண்டு,

உங்கள் எல்லா வீடியோவுக்கும் முதல் லைக் போடும்,
மு. பிரேமினி

பி.கு.: இன்று வெள்ளிக்கிழமை காலை. இதை அனுப்ப சிக்னல் தேடிக் கோயில் மேட்டுக்குக் கிளம்பினேன். போகும் வழியில் டம்ளரைத் தூக்கிப் பார்த்தால் பழம் இல்லை. வெறும் காம்பு. கொஞ்சம் தள்ளி அப்பா மருந்து டாங்கிமேல் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, அந்தப் பழத்த நீங்களா தின்னீங்க?"

"பழுத்திருந்துச்சு."

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "இதுக்கு மருந்து அடிக்கவே இல்லதானே?" என்று கேட்டார்.

"இல்லப்பா."

"கழுவாம தின்னுட்டேன்" என்றார். "இருபது வருஷத்துல நெலத்துல நின்னு ஒண்ண பறிச்சுக் கழுவாம தின்னது இதுதான்." அவ்வளவுதான் அக்கா. எழுந்து போய் லீக்ஸ் நாற்றுச் சாக்கைத் தூக்கித் தோளில் போட்டு, மேல் லயத்து ஜீவராஜ் மாமா வீட்டில் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

ஆகவே மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். சனிக்கிழமை கட்டாயம் வாருங்கள். பழம் இல்லை, அச்சாறு இருக்கிறது. அப்பா வெள்ளைச் சட்டையை அயன் பண்ணக் கொடுத்துவிட்டார். ஸ்ட்ராபெரி போடச் சொன்னதே தான்தான் என்று கேமராவில் சொல்லப் போகிறார், தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். போனும் எடுக்க வேண்டாம். நான் போனில் இறக்கி வைத்த உங்கள் வீடியோக்களை முதலாவதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். நாலாவதில் நீங்கள் பாத்தி வெட்டினது பிழையாம், நேரில் சொல்லித் தருகிறாராம்.