முகமூடிக் கப்பலை எங்கிருந்து படிப்பது?

இந்த வீட்டில் ஒரு காரியமாவது இனி என் வரிசைப்படிதான் நடக்கும் என்று நூலகர் சபதம் போட்டார். கேட்க ஆளில்லை. மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். மனைவி தையல் மெஷினில் ஏதோ நீலத் துணியை ஓட்டிக்கொண்டிருந்தாள். வெளியே மழை. அதுவும் அவரைக் கேட்டுக்கொண்டா பெய்கிறது?

நூலகர் என்று இன்னமும் சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். அவர் வேலை பார்த்த கிளை நூலகத்தை இழுத்து மூடிவிட்டார்கள். கூரை ஒழுகுகிறதாம். ஓடு மாற்றுவதைவிட ஆளை வீட்டுக்கு அனுப்புவது சுலபம் என்று பட்டிருக்கும். இருபது வருஷம் 'உஷ்' என்று சொல்லியே கூட்டத்தை அடக்கியவர். பிள்ளைகள் அவருக்கு 'உஷ் சார்' என்றே பேர் வைத்திருந்தார்கள். இப்போது உஷ் சொல்ல மிச்சமிருந்தது ஒரு சாய்வு நாற்காலி. அதுவும் அடங்காமல் கிறீச்சிட்டது.

மூடிய அன்று, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மற்றவர்கள் மேஜை, மின்விசிறி என்று தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இவர் 'முகமூடிக் கப்பல்' என்ற சிறுவர் கடல்கதைகள் ஏழையும் சுமந்துகொண்டு வந்தார். மகளுக்காக. பன்னிரண்டு வயதாகிறது, அப்பாவிடம் பேசுவதென்றால் 'ம்', 'இல்ல', 'அம்மாகிட்ட கேளுங்க', அவ்வளவுதான். அவளோடு உட்கார்ந்து பேச அவருக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. சபதத்துக்கு அடியில் கிடந்த சமாசாரம் அதுதான்.

"ஏழாவதைத்தான் முதல்ல படிக்கணும்," என்றார் சாய்வு நாற்காலியிலிருந்தபடி.

மெஷின் நின்றது. மெஷின் நின்றால் ஆபத்து.

"ஏன், தலைகீழா நின்னு படிக்கச் சொல்லுங்களேன்?"

"கடைசியா எழுதினது அது. ஆனா கதைக்கு ஆரம்பமே அதுலதான் இருக்கு. நடந்த வரிசையில படிச்சாத்தான் புரியும்."

"எழுதி வந்த வரிசையில படிச்சாத்தான் ருசிக்கும்."

"இருபது வருஷம் புத்தகம் அடுக்கினவன் நான்."

"அடுக்கினீங்க. படிச்சீங்களா?"

"சமைக்கிறவன் எல்லாத்தையும் தின்னு பார்க்கணுமா?"

"உப்பாவது பார்க்கணும்ல? என்னைக் கட்டிக்கிட்டப்போ முதல்ல எங்க தாத்தா கதையையா கேட்டீங்க? என் மூஞ்சியைத்தானே பார்த்தீங்க. தாத்தா வீட்டை விட்டு ஓடிப்போன கதையெல்லாம் பின்னாலதானே தெரிஞ்சுது?"

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா..." என்று தொடங்கியவர் அதோடு நிறுத்திக்கொண்டார். கத்தரிக்கோல் அவள் கையில் இருந்தது.

"சரி, பந்தயம்," என்றாள் அவள். "உங்க வரிசைப்படியே அவ படிக்கட்டும். ஏழும் முடியுறதுக்குள்ள வரிசை தப்புன்னு உங்க வாயாலயே நீங்க சொன்னா, எங்க அண்ணன் கடைக்கு வேலைக்குப் போகணும். சொல்லலேன்னா, கடைங்கிற பேச்சையே நான் எடுக்க மாட்டேன்."

அவள் அண்ணனுக்குப் பெயிண்ட் கடை. சரக்கறையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருந்தான். புத்தகம் அடுக்கிய கையால் பெயிண்ட் டப்பா அடுக்குவதா என்று நூலகர் மூன்று வேளையும் சாப்பாட்டோடு சேர்த்து மறுத்துவந்தார். நூலகம் மூடியதற்கப்புறம் முதன்முறையாக இப்போதுதான் சிரித்தார். தப்பு என்று தன் வாயால் ஒத்துக்கொள்வதா? கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு சம்பவமே கிடையாது. அவர் தொலைத்த குடைகள்கூடத் தாமாகவே போனவைதான்.

"அது யாருக்குத் துணி?" என்று வெற்றிக் களிப்பில் விசாரித்தார்.

"அளவு குடுக்க வரவே மாட்டேங்கிற ஒரு ஆளுக்கு," என்று மெஷினை மிதித்தாள்.

ஏழு புத்தகத்துக்கும் காக்கி அட்டை போட்டார். தன் வரிசைப்படி எண் ஒட்டினார். முதலாவதை மகளிடம் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பீரோவில் பூட்டினார். முந்திரிக்கொட்டைத்தனமாக யாரும் அடுத்ததைப் புரட்டிவிடக் கூடாதே.

மறுநாளே வினை ஆரம்பித்தது.

"அப்பா, கப்பல்பாய் தைக்கிற அந்த அம்மா, குழந்தையைக் கரையில விட்டுட்டு ஏன் இரும்பு முகமூடி போட்டுக்கிட்டுப் போறாங்க?"

மகள் கேட்டது முழு வாக்கியம்! நூலகர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பதில்தான் தெரியவில்லை.

"உஷ். போகப்போகப் புரியும்."

அவள் பள்ளிக்கூடம் போனதும் சாய்வு நாற்காலியை விட்டு எழுந்தார். திருட்டுத்தனமாகப் புத்தகத்தை எடுத்தார். சும்மா அந்த ஒரு பக்கத்தைப் பார்க்கத்தான். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. சாயங்காலம் மகளுக்குப் பதில் சொன்னார். அவள் வேறொன்று கேட்டாள். அதற்கும் படிக்க வேண்டியதாயிற்று. பந்தயம் மறந்து கப்பலேறிவிட்டார் மனிதர். உப்புக்காற்றில் உதடு வெடித்தது. பேசும் சுறாவுக்குப் பயந்து காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஜன்னலில் மழை, அவருக்கு அது நடுக்கடல் மழை. அப்பாவும் மகளும் சாப்பாட்டு மேஜையில் கப்பல்பாய் ஏற்றினார்கள். மெஷின் ஒரு வார்த்தை பேசாமல் நீலத் துணியை ஓட்டியது.

வரிசையில் ஐந்தாவது புத்தகத்தில்தான் இடி விழுந்தது. கரையில் விடப்பட்ட குழந்தை வளர்ந்து, அம்மாவைத் தேடிக் கடலெல்லாம் அலைகிறாள். அவளை ஒரு முகமூடித் தலைவன் விடாமல் துரத்துகிறான். கடைசியில் கத்திச் சண்டையில் முகமூடி கழன்று விழுகிறது. உள்ளே அவள் அம்மா! கப்பலே அலறுகிறது. நூலகர் அலறவில்லை. அவருக்கு முதல் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே தெரியுமே.

புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். இது அலறுவதற்கென்றே எழுதிய பக்கம். மகளும் அலறாமல்தான் இதைத் தாண்டியிருப்பாள். ஒரு கதையை முதல் தடவை படிப்பது வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். அதை அவளிடமிருந்து எண் ஒட்டிப் பிடுங்கிவிட்டார். அவளிடம் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் வாயைத் திறந்தால் பெயிண்ட்.

சில நாள் திறக்கவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் மகள் கடைசிப் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குப்பா," என்று சிரித்தாள்.

பறிகொடுத்தது தெரியாமல் சிரிக்கிறாளே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"கண்ணு, அப்பாவை மன்னிச்சிரு. வரிசை தப்பு. என் மேலதான் தப்பு. முகமூடி கழண்டப்போ நீ அலறியிருக்கணும். அதை நான் கெடுத்துட்டேன்."

மெஷின் நின்றது.

"அலறினேனேப்பா," என்றாள் மகள். "போன வருஷம்."

"போன வருஷமா?"

"ஏழையும் அப்பவே படிச்சுட்டேன். வந்த வரிசையில. உங்க நூலகத்துலதான் எடுத்தேன். நீங்கதானே முத்திரை குத்திக் குடுத்தீங்க."

"நானா?"

"ஒவ்வொண்ணுக்கும். ஆனா நிமிர்ந்து பார்க்கல. 'உஷ், வரிசையில நில்லு'ன்னீங்க. நின்னேன்."

நூலகர், புத்தகம் நீட்டிய எத்தனையோ கைகளில் அந்தச் சின்னக் கை எது என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"அப்போ என்கிட்ட கேட்ட கேள்வியெல்லாம்?"

"அம்மாதான் சொன்னாங்க. தெரியாத மாதிரி கேளு, அவர் நாற்காலியை விட்டு எந்திரிச்சுப் படிப்பாரு, படிச்சா தானே ஒத்துக்குவாருன்னு." அவள் பக்கத்தைத் திருப்பினாள். "அப்புறம் நிஜமாவே கேட்டேன்ப்பா. நீங்க பதில் சொல்றது நல்லா இருந்துச்சு."

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். நீலத் துணியை உதறி அவர் நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். முழுக்கைச் சட்டை. பையின் மேல் மச்சானின் பெயிண்ட் கடைப் பேர் மஞ்சள் நூலில் பளிச்சென்று இருந்தது.

"பழைய சட்டையை வச்சுத்தான் அளவெடுத்தேன்," என்றாள். "உட்கார்ந்தே கிடந்ததுல தொப்பை போட்டிருக்கும்னு, பந்தயம் கட்டுறதுக்கு முன்னாடியே ரெண்டு விரல் கூட்டித்தான் வெட்டினேன்."