மாமாவின் நெஞ்சும் சிவப்புக் காரின் மூச்சும்

அன்புள்ள மருமகன் திலக்ஷனுக்கு,

வெள்ளவத்தையிலிருந்து மாமா தண்டாயுதபாணி எழுதிக்கொள்வது. மெல்பேர்ணில் குளிர் கடுமை என்று மகள் சாருஜா சொன்னாள். இருவரும் காதை மூடிக்கொண்டு வெளியே போகவும். இங்கே நானும் மாமியும் சுகம். என் நெஞ்சு சுகம் என்பதற்கு எக்ஸ்ரே படமே இருக்கிறது. அந்தப் படம் எடுக்க நேர்ந்ததற்கு உங்கள் கார்தான் காரணம், ஆனால் குறை சொல்ல இதை எழுதவில்லை. காரை நுகேகொடைக்காரர் ஒருவருக்கு விற்றுவிடலாம் என்று போன கிழமை தொலைபேசியில் சொன்னீர்கள் அல்லவா, அதற்குப் பதில் எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லப்போனால் மாமி பக்கத்தில் இருப்பார், ஆகவே கடிதம்.

நீங்கள் புறப்படும்போது, "மாமா, பழைய ஸ்போர்ட்ஸ் கார், நிப்பாட்டியே வைச்சா பழுதாப் போகும், ஞாயிறுகளில மாமியையும் ஏத்திக்கொண்டு ஒரு சுத்து ஓடுங்கோ" என்றீர்கள். அப்படியே காலிமுகத்திடல் வரை ஓடிக்கொண்டிருந்தோம். பிறகு கார் இழுக்கத் தொடங்கியது. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. சிக்னலில் நின்றால் மட்டும் உடம்பு நடுங்கி, இருமி, அணைந்துவிடும். காருக்குள் எஞ்சின் பழுதைக் காட்டும் மஞ்சள் விளக்கு வேறு எரிந்தது. ஒருநாள் காலி வீதியில் சேலைக் கடைக்கு முன்னால் அணைந்தபோது, பின்னால் நின்ற பஸ்ஸின் கண்டக்டர் இறங்கி வந்து, "அங்கிள், தல்லு கரன்னத?" என்று சிங்களத்தில் கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தள்ளினார். கடையில் இருந்த பெண்கள் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். மாமி தலையைக் குனிந்து கைப்பையில் எதையோ தேடினார். கார் ஓரமாகும்வரை அது கிடைக்கவில்லை.

அந்தக் கிழமையே மாமி என்னை நெஞ்சு வைத்தியரிடம் கூட்டிப் போனார்.

"உங்களுக்கு இழுப்பு இருக்கு."

"எனக்கா? இல்லையே."

"பக்கத்தில இருந்து கேக்கிறது நான். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

வைத்தியர் குழாயை வைத்துக் கேட்டார், ஊதச் சொன்னார், படம் எடுத்தார், ஒன்றுமில்லை என்றார். மாமி நம்பவில்லை. இரவுச் சாப்பாட்டில் தயிரை நிறுத்திவிட்டார்.

அடுத்ததாகக் காரைக் கொட்டாஞ்சேனையில் மெக்கானிக் அஸாமிடம் கொண்டுபோனோம். அவர் ஒரு கருவியைச் செருகிப் பார்த்து, "அங்கிள், எஞ்சின் லீனா ஓடுது" என்றார். லீன் என்றால் மெலிவு அல்லவா; தயிரை இழந்து மெலிந்துகொண்டிருந்த நான், எஞ்சினுமா என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் விளக்கினார்: "காத்து கூடப் போகுது, பெட்ரோல் காணாது. எங்கயோ ஓட்டை ஈக்கிது, அதால களவாக் காத்து உள்ளுக்குப் போகுது." பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார், காற்றை அளக்கும் சென்சரைக் கழுவினார், ரப்பர் குழாய்கள் மேலெல்லாம் ஸ்பிரே அடித்து எங்காவது எஞ்சின் சத்தம் மாறுகிறதா என்று காது கொடுத்தார். மாறவில்லை. அவரும் சோர்ந்துதான் போனார்.

கடைசியில், எஞ்சினை ஓடவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் பொனட்டுக்குள் டோர்ச் பிடித்துக்கொண்டிருந்ததால் மாமி சாரதி ஆசனத்தில் ஏறினார். கால் தவறி பிரேக்கை மிதித்தார். கார் நடுங்கியது. மாமி தலையை வெளியே நீட்டி, "அவரிட இழுப்பு இங்க கேக்குது" என்றார்.

நானோ காருக்கு முன்னால் நின்றேன்.

அஸாம் ஓடிப்போய் பெடலுக்குக் கீழே தலையைக் கொடுத்தார். "அன்டி, திரும்ப மிதிங்க." மிதித்தார். உஸ் என்றது, எஞ்சின் சாகப் பார்த்தது. அவர் எழுந்து வந்து, எஞ்சினிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாயை இடுக்கியால் நெரித்தார். எஞ்சின் அப்படியே அமைதியானது. பிரேக்கை மிதிக்கக் காலுக்கு உதவுகிற அந்தப் பெட்டிக்குள் ரப்பர் கிழிந்து, எங்கள் காலடியிலிருந்தே காற்றை உறிஞ்சியிருக்கிறது. நான் சிக்னலில் பிரேக்கை மிதித்து நின்றபோதெல்லாம் அணைந்ததும் அதனால்தான்.

"அன்டி கேட்டது நல்லதாப் போச்சு. இன்னும் கிழிஞ்சிருந்தா பிரேக் கல்லு மாதிரி இறுகியிருக்கும்" என்றார். நாங்கள் அடுத்த கிழமை இந்தக் காரில்தான் நுவரெலியா மலையேற இருந்தோம். நான் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பூஸ்டர் மாற்றித் திரும்பி வரும் வழியில் கேட்டேன்: "சத்தம் கேட்டா நீர் ஏன் சொல்லேல்லை?"

"சொன்னனான்தானே, இழுப்பெண்டு. நீங்கள் நித்திரை எண்டா, மூச்சு வருதோ எண்டு முழிச்சிருந்து பாக்கிறனான். சாருஜாவும் போயிட்டாள். நீங்களும் போனா நான் ஆரோட கதைக்கிறது?"

மருமகன், நீங்கள் இருவரும் போனபிறகு வீட்டில் எங்களுக்கு நடுவில் தொலைக்காட்சிதான் பேசுகிறது. மாமி மனம் திறந்து கதைப்பது அந்தக் காருக்குள் மட்டும்தான். ஆகவே தயவுசெய்து விற்க வேண்டாம். ஞாயிறுகளில் நானே கவனமாக ஓட்டுவேன்.

உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் அணுகாமல் கதிர்காமக் கந்தன் பார்த்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
மாமா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒரு மாற்றம். மாமியிடம் கல்யாணத்துக்கு முன்பே எடுத்த லைசென்ஸ் இருக்கிறதாம்; எனக்குத் தெரியாமல் புதுப்பித்தும் வந்திருக்கிறார். இன்று காலை காரின் திறப்பை எடுத்துக்கொண்டு, கீழ்வீட்டுப் பெண் ஸீனத்தை ஏற்றி, தானே ஓட்டிப் போய்விட்டார். மூன்றாவது ஆளுக்கு இடமில்லை என்பது உங்களுக்கே தெரியும். எனவே மேலே எழுதியதை நான் எழுதியதாகவே எடுக்க வேண்டாம். விற்பதா வேண்டாமா என்று மாமி வந்ததும் கேட்டுச் சொல்கிறேன். எப்போது வருவார் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை.