ஆறு பேர் சஹனும் கனடாக் கோச்சும்

நான் பருமனானவள். இதை நானே சொன்னால் ஒப்புதல் வாக்குமூலம், ஊரார் சொன்னால் அக்கறை. நுரைச்சோலையில் மீன் வாங்கப் போனால்கூட, மீன் விற்பவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டீச்சருக்கு நெத்தலி போதும்" என்கிறார். நான் அவருடைய தராசில் ஏறவில்லையே, பிறகு எதற்கு என்னை நிறுக்கிறார்?

இந்தக் கோபத்தில்தான் சாப்பாட்டுப் பயிற்சி தரும் ஒரு கோச்சிடம் போய் மாட்டினேன். கனடாவிலிருந்து சூம் வழியாக வகுப்பு நடத்தும் தமிழ்ப் பெண்மணி. மெலியச் சொல்ல மாட்டாராம். உணவோடும் உடம்போடும் நம்மைச் சமாதானமாக்கி வைப்பாராம். (என் உடம்போடு எனக்குச் சண்டையே இருந்ததில்லை. அதைப் பற்றிக் கதைத்தவர்களோடுதான் சண்டை.) முதல் வகுப்பில், "உங்கள் உடம்பு உங்களுடையது, அதற்கு யாரும் கணக்குக் கேட்க முடியாது" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டாவது வகுப்பில், சாப்பிடுமுன் ஒவ்வொரு தட்டையும் படமெடுத்துத் தனக்கு அனுப்பச் சொன்னார். அதாவது யாரும் கணக்குக் கேட்கக் கூடாது, அவரைத் தவிர! அன்றே விலகியிருக்க வேண்டும். நான் மண்டையை ஆட்டினேன்.

அடுத்த கட்டளை, ஒவ்வொரு வாய் உணவையும் தண்ணீராகும்வரை மெல்ல வேண்டும். பிறகு கண்ணை மூடி, 'இன்னும் பசிக்கிறதா?' என்று உடம்பிடம் கேட்க வேண்டும். நான் காலையில் ஒரு பாண் துண்டை மென்று முடிப்பதற்குள் பள்ளிக்கூடத்தில் மணி அடித்துவிடும்.

இந்த நிலையில்தான் என் தங்கை நஸ்ரினின் வலீமா வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் விருந்து. மாப்பிள்ளை வீடு எத்தாளையில். மாப்பிள்ளையின் உம்மா சமையல்காரரை நம்பாமல் சட்டிக்குப் பக்கத்திலேயே நிற்கிற ஆள். என் உம்மா வான் வண்டியில் போகும்போதே எச்சரித்தார்.

"அந்த மாமிட முகம் கோணக் கூடாது. நஸ்ரின் நாளைக்கு அந்த வீட்டில வாழணும், விளங்கிச்சா?"

"ஓம் உம்மா" என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

மாமி என்னைத் தன்னுடைய சஹனிலேயே உட்கார வைத்தார். அது பெரிய மரியாதை. சஹன் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அகன்ற பெரிய தட்டு, நடுவில் குவித்த நெய்ச்சோறு, அதன்மேல் இறைச்சியும் கோழிப் பொரியலும், சுற்றி ஆறு பேர். அவரவர் பக்கத்திலிருந்து அவரவர் சாப்பிட வேண்டும். கடைசி ஆள் முடிக்கும்வரை யாரும் கை கழுவ எழும்பக் கூடாது. முந்தி எழும்புவது, மிச்சமிருப்பவரைப் பெருந்தீனிக்காரர் என்று சொல்வதற்குச் சமம்.

நான் தட்டை மட்டும் படமெடுத்தேன், கனடாவுக்கு அனுப்பினேன், மெல்லத் தொடங்கினேன்.

மற்ற ஐந்து பெண்களும் முடித்துவிட்டார்கள். எனக்காக ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கிச் சாப்பிடுவதுபோலப் பாவனை செய்தார்கள். ஆண்கள் பக்கம் வட்டிலப்பமும் முடிந்து வெற்றிலைக்குப் போய்விட்டது. அடுத்த பந்திக்குக் காத்திருந்த பிள்ளைகள் வாசலில் நின்று அழுதார்கள். நானோ ஒரு துண்டு இறைச்சியைத் தண்ணீராக்கிக்கொண்டிருந்தேன்.

"என்ன மகள், இறைச்சி வேகலையா?" என்று மாமி கேட்டார்.

வாய் நிறைய இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. உடம்பிடம் கேட்பதற்காகக் கண்ணை மூடினேன்.

"அல்லாஹ்வே, மகளுக்கு மயக்கம் வருது!" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

அந்த நேரம் பார்த்து என் போன் சத்தமிட்டது. என் கையெல்லாம் நெய். "நான் நிப்பாட்டி விடுறன் ராத்தா" என்று மாப்பிள்ளையின் தங்கை இடது கையால் போனைத் தட்டினாள். நின்று தொலைந்தால்தானே? அழைப்பு ஸ்பீக்கரில் எடுபட்டு, கோச்சின் குரல் பெண்கள் பக்கம் முழுவதும் கணீரென்று கேட்டது.

"தோழி, உங்கள் தட்டைப் பார்த்து அதிர்ந்துவிட்டேன். ஓர் ஆள் இவ்வளவையும் சாப்பிடுவது பசியல்ல, அது காயம். உங்களை நேசிக்காத கை பரிமாறிய தட்டு அது. இப்போதே எழும்பி வாருங்கள்!"

மாமியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"நேசிக்காத கையா? சுபஹுத் தொழுகைக்கு முந்தி எழும்பி அடுப்படியில நிண்ட கை இது" என்றார். குரல் உடைந்தது. அடுத்த சஹனிலிருந்து உம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தைரியமில்லை. மணப்பெண் கதிரையில் இருந்த நஸ்ரினின் உதடு நடுங்கியது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. போனை இடது கையில் பிடுங்கி, ஆண்கள் பக்கத்துக்கும் கேட்கக் கத்தினேன்.

"இது ஆறு பேருட சாப்பாடு! ஓர் ஆள் இவ்வளவு தின்பாளெண்டு எப்படி நினைச்சீங்க? நான் குண்டெண்டுதானே? மீன்காரர் கேட்ட அதே கணக்கத்தான் நீங்களும் கேட்டுட்டு இருக்கீங்க! இது என்ட தங்கச்சிட மாமி சமைச்சது. நான் எழும்ப மாட்டன்!"

பிறகு சஹனில் கையை விட்டுச் சாப்பிட்டேன், எல்லாரையும்போல, மெல்லவேண்டிய அளவுக்கு மட்டும் மென்று. கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. சாப்பாடு அவ்வளவு ருசியாக இருந்தது வேறு எரிச்சலைக் கிளப்பியது. மாமி தன் பக்கத்திலிருந்த நல்ல இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"தின்னுங்க மகள். அந்தக் கனடாப் புள்ள பாவம், தனியத்தான் சாப்பிடுது போல."

கோச்சிடமிருந்து மன்னிப்பு வரவில்லை. 'நீங்கள் தயாரானதும் திரும்பி வாருங்கள்' என்று ஒரு பூப்படம் வந்தது. எங்கள் சஹனின் படத்தை, 'ஒரு தோழியின் ஒரு வேளை' என்று மற்ற மாணவிகளுக்குக் காட்டியதாகவும் கேள்விப்பட்டேன். இன்றைக்கும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

நஸ்ரின் அந்த வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் எத்தாளையில் எந்த விருந்தென்றாலும், சஹன் வந்து இறங்கியதும் மாமி யாரையும் கைவைக்க விடுவதில்லை. ஆறு பேரும் தட்டைச் சுற்றிக் குனிய வேண்டும், ஆறு தலையும் தெரிய நான் படமெடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பிஸ்மில்லாஹ்.

"கனடாவில இருந்து வடிவா எண்ணிப் பாக்கட்டும்" என்பார்.