ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ‘போயிட்டு வாங்க’

எனக்கு இரண்டு பேருக்கு மேல் இருக்கும் இடத்தில் பேச வராது. மூன்றாவது ஆள் வந்து நின்றால் தொண்டைக்குள் யாரோ மடையை அடைத்த மாதிரி ஆகிவிடும். என் கல்யாணத்தில் போட்டோ பிடிக்க வந்தவர் ஆல்பத்தில் போடப் பெண்ணின் பெயரைக் கேட்டார். சுற்றிலும் கூட்டம். பதற்றத்தில் என் பெயரையே சொல்லிவிட்டேன். ஆல்பத்தில் இன்றைக்கும் மணமகன் செல்வராசு, மணமகளும் செல்வராசு. (மல்லிகா அதைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறாள்.) படிப்பு ஐந்தாம் வகுப்பு. இப்படிப்பட்டவனைத் தேடிப் பிடித்துக் கடல் தாண்டிக் கூட்டிக்கொண்டு போய், நோயாளிகளிடம் பேசுகிற வேலையில் உட்கார வைத்தால் என்ன ஆகுமோ, அதுதான் ஆயிற்று.

எனக்கு ஊர் பாபநாசம் பக்கம். என் இளவயதில் கூத்தாநல்லூர் பாய் ஒருவர் ஆப்பிரிக்காவில், தான்சானியாவில், ரைஸ் மில் வைத்திருந்தார். நெல் அவிக்கிற பாய்லருக்கு ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிப் போனார். அங்கேயும் ஆறு, வண்டல், நெல், கொசு. மேட்டூர் திறந்தாச்சா என்று காலையில் கேட்க ஆள் இல்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். பல வருஷம் இருந்தேன். அந்த ஊர் சுவாஹிலி பாஷையை மூட்டை தூக்குகிறவர்களிடம் கற்றுக்கொண்டேன். ஈரம், சூடு, நிறுத்து, போ, திரும்பி வா, சீக்கிரம், மழை வருது. அந்த பாஷையில் நெல்லோடு ஒரு நாள் முழுக்கப் பேசுவேன். மனிதரோடு பேசும் அளவுக்கு இல்லை.

பாய் காலமான பிறகு மில் கைமாறியது. நான் ஊருக்கு வந்து கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து நடவு, அறுப்பு என்று வாயைத் திறக்காமல் நிம்மதியாக இருந்தேன். அப்போதுதான் பாயின் மகள் நசீமா வீடு தேடி வந்தார். டாக்டர். அப்பா பெயரில் அந்த மில் ஊரில் சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி எழுப்பியிருந்தார். இங்கிருந்து டாக்டர்கள் குழு குழுவாகப் போய் இலவசமாக வைத்தியம் பார்த்துவிட்டு வருவார்களாம். ஒரு தடவை கண் டாக்டர்கள், இன்னொரு தடவை குழந்தை டாக்டர்கள். அவர்கள் வருவார்கள், போவார்கள். அங்கேயே தங்கி இருக்க ஓர் ஆள் வேண்டும்.

“அண்ணே, உங்களுக்கு அந்த ஊரு பாஷை தண்ணி பட்ட பாடுன்னு வாப்பா சொல்லுவாங்க. சம்பளம்னு பெருசா ஒண்ணும் இல்ல. சேவைதான். வர்றீங்களா?”

மல்லிகாவின் தம்பி பாலு பக்கத்தில் நின்றான். “டாக்டரம்மா, மாமா தமிழ் பேசியே நான் ரெண்டு தடவதான் பாத்திருக்கேன். அதுல ஒண்ணு தும்மலு.”

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அங்கே டாக்டரம்மா, மல்லிகா, பாலு என்று மூன்று பேர். தலையை ஆட்டினேன். (என் ஆட்டு ஒன்றுதான். ஆமாம், இல்லை, பார்க்கலாம், புரியவில்லை, எல்லாவற்றுக்கும் அதே ஆட்டு.) டாக்டரம்மா ஆமாம் என்று எடுத்துக்கொண்டு டிக்கெட் போட்டுவிட்டார்.

அங்கே போன முதல் குழு கண் டாக்டர்களும் பொது வைத்தியம் பார்ப்பவர்களும் கலந்தது. முதல் நாள் வருகிற எல்லோரையும் பார்த்து மருந்து கொடுப்பது. கண்ணில் புரை இருக்கிறவர்களுக்கு மறுநாள் ஆபரேஷன். அதற்கு அடுத்த நாள் காலையில் குழு வேறு ஊருக்குப் போயாக வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் காத்திருந்தார்கள்.

தலைமைக்கு வந்த பெரிய டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அவர் இங்கிலீஷில் சொல்வதை நசீமாம்மா தமிழில் சொல்ல, நான் சுவாஹிலியில் சொல்ல வேண்டும். வாசலுக்கு உள்ளே எனக்கு ஒரு ஸ்டூல். வெளியே ஊரே நின்றது. மடை அடைத்தது.

முதலில் வந்தது எனக்குத் தெரிந்த முகம். மாமா ரெஹேமா. (அங்கே அம்மாவுக்கு ‘மாமா’ என்று பேர். ஒரு பாட்டியைப் பார்த்து நான் மாமா, மாமா என்று கூப்பிடுவதைக் கேட்டு நசீமாம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.) மில் களத்தில் நெல் கிண்டிய அம்மா. இப்போது இரண்டு கண்ணிலும் பால் ஊற்றிய மாதிரி புரை. என் குரலைக் கேட்டதும், “பாய்லர்க்காரனா? இன்னும் மெதுவாத்தான் பேசறியா?” என்றார்.

“கண்ணு தெரிஞ்சா என்ன செய்வீங்கன்னு கேளுங்கண்ணே” என்றார் நசீமாம்மா.

கேட்டேன். “அரிசியில கல்லுப் பொறுக்குவேன். மருமக பொறுக்கறதே இல்ல. இருக்கிற நாலு பல்லும் கல்லுக்கே போயிடும் போல.”

பெரிய டாக்டர்கூட சிரித்துவிட்டார். மறுநாள் ஆபரேஷன் வரிசையில் கடைசிப் பக்கமாக ஓர் இடம் கிடைத்தது. “வலிக்குமா?” என்று கேட்டுக்கொண்டே போனார். நான் தலையை ஆட்டினேன்.

சிக்கல் மற்றவர்களை அனுப்புவதில் வந்தது. மருந்தை வாங்கிக்கொண்டு ஒருவர் எழுந்திருக்கிறார். ஏதாவது சொல்லி அனுப்ப வேண்டும் இல்லையா? அந்த ஊரில் விடை கொடுக்க ‘குவாஹேரி’ என்பார்கள். எனக்கும் தெரியும். ஆனால் நான் அதை முதன்முதலாகக் கேட்டது மில் லாரி டிரைவரை அடக்கம் செய்த இடத்தில். மண்ணைப் போட்டுவிட்டு எல்லோரும் குவாஹேரி, குவாஹேரி என்றார்கள். அந்த வார்த்தையை ஒரு சீக்காளியைப் பார்த்து எப்படிச் சொல்வது? சரி, ‘போங்க’ என்று சொல்லலாமா? உடம்பு முடியாதவரைப் பார்த்துப் போ என்றால் எங்கள் பக்கத்தில் அடிக்க வருவார்கள்.

எனவே நான் நம் வழக்கத்தையே மில் பாஷையில் பிசகாமல் சொன்னேன்.

“நெண்டா, உருடி.”

போய், வாங்க. அவ்வளவு மரியாதை. சொல்லும்போது எனக்கே நெஞ்சு குளிர்ந்தது. போகிறவர்களில் பாதிப் பேர் திரும்பி நின்று, “கேஷோ?” என்றார்கள். கேஷோ என்றால் நாளைக்கு. மாத்திரையை நாளைக்கும் போட வேண்டுமா என்று கேட்கிறார்கள் என எடுத்துக்கொண்டேன். தலையை ஆட்டினேன்.

அன்று முழுக்க வாசலைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் சொன்னேன். புண்ணுக்குக் கட்டுப் போட்டவருக்கு, காதில் சொட்டு விட்டவருக்கு, துணைக்கு வந்தவருக்கு, வேடிக்கை பார்க்க வந்தவருக்கு. நெண்டா, உருடி. ஆட்டு. நெண்டா, உருடி. ஆட்டு. என் ஆயுளில் அவ்வளவு நான் பேசியதே இல்லை. சாயங்காலம் மல்லிகாவுக்குப் போன் பண்ணி, “நல்லா பேசறேன்டி” என்றேன்.

“யாரு போன்லேருந்து பேசறீங்க?” என்றாள். நம்பவில்லை.

மறுநாள் விடிந்து ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்தால், நேற்று வந்த அத்தனை பேரும் நிற்கிறார்கள். ஒருவர் பாக்கியில்லை. வீட்டில் இருந்தவர்களையும் சேர்த்துக் கூட்டி வந்திருந்தார்கள். டாக்டரே வருந்தி அழைக்கும்போது வெறுங்கையோடு வரலாமா என்று ஒருவர் வாழைத்தார் கொண்டு வந்திருந்தார். ஒரு அம்மாள் கையில் கோழி.

பெரிய டாக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். நேற்றுத் தன் கையால் மாத்திரை கொடுத்த முகங்கள் வரிசையாக நிற்கின்றன. மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. மருந்தில் ஏதோ கோளாறு, எல்லோரையும் ஒரே ராத்திரியில் என்னவோ செய்துவிட்டது என்று முடிவு கட்டினார். ஒரு சொட்டு மருந்துகூட யாருக்கும் போடக்கூடாது என்றார். ஆபரேஷனை நிறுத்தச் சொன்னார். உள்ளே கண்ணில் சொட்டு விட்டுக்கொண்டு படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். பெட்டி பெட்டியாக மருந்தை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

“அண்ணே, என்ன தொந்தரவுன்னு ஒவ்வொருத்தரா கேளுங்கண்ணே, சீக்கிரம்!” நசீமாம்மா என்னை வரிசைப் பக்கம் தள்ளினார்.

கேட்டேன். எல்லோரும் ஒரே பதில்.

“என்ன சொல்றாங்க?”

“ஒரு தொந்தரவும் இல்லையாம்.”

“வாந்தி? மயக்கம்? அரிப்பு?”

“நல்லா தூங்கினாங்களாம்.”

இதைக் கேட்டதும் பெரிய டாக்டர் இன்னும் பயந்துபோனார். இத்தனை பேர் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு விடிகாலையில் வந்து நின்றால் யாருக்குத்தான் பயம் வராது? இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். வரிசையில் இரத்தம் எடுத்தார்கள். ஜனங்கள் அதையும் மறுக்கவில்லை. அழைத்தவர் கேட்கிறார், கொடுக்கிறோம் என்று கையை நீட்டினார்கள். நானும் ஓடி ஓடி உதவினேன். (என் கையால் ஊசிக்குப் பஞ்சு கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் சோறு இறங்காது.)

வெயில் உச்சிக்கு வந்தது. கடைசியில், அதுவரை ஆபரேஷன் அறையிலேயே இருந்த அந்த ஊர் நர்ஸ் ஆக்னெஸ் வெளியே வந்து, தடி ஊன்றிய ஒரு பெரியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “எதுக்கு வந்தீங்க?”

பெரியவர் தடியைத் தூக்கினார். என்னைக் காட்டினார்.

“இவன்தான் போயிட்டுத் திரும்பி வான்னான். நாளைக்கான்னு கேட்டேன். தலைய ஆட்டினான்.”

ஆக்னெஸ் என்னைப் பார்த்தார். நசீமாம்மா பார்த்தார். பெரிய டாக்டர் பார்த்தார். வாழைத்தார் பார்த்தது. கோழி பார்த்தது.

“என்னண்ணே சொல்லி அனுப்பினீங்க?”

“போயிட்டு வாங்கன்னுதாம்மா.”

நசீமாம்மா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தெரிந்தது, இரண்டும். அவர் அதை இங்கிலீஷில் பெரிய டாக்டருக்குச் சொல்ல ரொம்ப நேரம் பிடித்தது. அந்த மனிதர் என்னைத் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு ஆபரேஷன் அறைக்குள் போனார். திட்டியிருக்கலாம்.

பொழுது சாயும் வரை நிறுத்தாமல் செய்தார்கள். சாய்ந்த பிறகும் செய்தார்கள். வரிசை முடியவில்லை. மிச்சம் நின்றவர்களில் மாமா ரெஹேமாவும் ஒருவர். காலையிலிருந்து சாப்பிடாமல், முகம் கழுவிப் புதுத் துணி கட்டி உட்கார்ந்திருந்தார். அவரிடம் சொல்ல வேண்டியது என் வேலை. பாஷை தெரிந்தவன் நான்தானே.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சத்தத்தை வைத்தே எல்லாவற்றையும் புரிந்துகொண்டிருந்தார்.

“நல்லா இருந்தவங்களை எல்லாம் கூப்பிட்டியே. என்னைக் கூப்பிட மறந்துட்டியா?”

அடுத்த கண் குழு சில மாதம் கழித்து வரும் என்று சொன்னேன். அதற்கு மேல் எனக்கு வார்த்தை இல்லை. என்னிடம் இருந்தது அந்த ஒன்றுதான். இந்த முறை நிஜமாகவே அந்த அர்த்தத்தில் சொன்னேன்.

“நெண்டா, உருடி.”

“நான் வந்தா நீ இருப்பியா?”

தலையை ஆட்டினேன்.

அவர் காத்திருந்தார். பிறகு மறுபடியும், “இருப்பியா?” என்றார்.

அப்போதுதான் உறைத்தது, புரை விழுந்த அந்தக் கண்ணுக்கு என் ஆட்டு தெரியாது என்று. சுற்றிலும் ஊரே நின்றது. “இருப்பேன்” என்று வாயைத் திறந்து சொன்னேன். சரி என்று எழுந்து, மருமகள் தோளைப் பிடித்துக்கொண்டு போனார்.

விசா முடிந்து நான் ஊர் திரும்புவதற்குள் கதை வந்து சேர்ந்திருந்தது. பாலு பஸ்ஸடியிலேயே நின்று, “கேஷோ?” என்றான். மல்லிகா மட்டும் முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அவங்க பாஷை கெடக்கட்டும். நம்ம ஊருலயே ஆஸ்பத்திரியிலேருந்து போறவங்களப் போயிட்டு வாங்கன்னு யாராவது சொல்லுவாங்களா? திரும்ப ஆஸ்பத்திரிக்கு வான்னு சொல்ற மாதிரி ஆவாது?”

நியாயம். நான் இரண்டு பாஷையிலும் தப்பு.

அடுத்த கண் குழு கிளம்பியபோது இங்கே சம்பா நடவு. மல்லிகா வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். “அந்தம்மாகிட்ட வாயால சொல்லிட்டீங்கல்ல, கெளம்புங்க. நடவ நான் பாத்துக்கறேன்” என்றாள். போனேன். முதல் ஆளாக வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். கண்ணுக்கு வந்தவர்களில் மாமா ரெஹேமா இல்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பினோம். வீடு பூட்டியிருந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்தோம். மருமகளோடு ஏதோ தகராறாம், தூரத்தில் ஏரிக்கரைப் பக்கம் இருக்கும் மகள் வந்து கூட்டிப் போய்விட்டாளாம். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. சும்மா சொன்னதற்கு ஊரே வந்தது. உண்மையாகச் சொன்னதற்கு ஒருவர் வரவில்லை.

அதிலிருந்து எந்தக் கண் குழு போனாலும் நான் அங்கே இருக்கிறேன். மாதக்கணக்கில் தங்குகிறேன். ஊரில் இதைப் பெரிய சேவை என்கிறார்கள். போன பொங்கலுக்குச் சால்வை போட வந்தார்கள், ஓடி ஒளிந்துகொண்டேன். அங்கே எனக்குப் பெயரே ‘நெண்டா உருடி’தான். நான் இப்போது யாரையும் அப்படி அனுப்புவதில்லை. கையைத் தூக்கிக் கும்பிடு போடுகிறேன். ஆக்னெஸ் மிச்சத்தைச் சொல்கிறார்.

வீட்டில் என் தலையாட்டல் செல்லாமல் போய்விட்டது. என்னிடம் ஏதாவது கேட்பதென்றால் எல்லோரும் முதலில் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார்கள். குழம்புக்கு உப்பு போதுமா என்று கேட்பதற்குக்கூட மல்லிகா கண்ணை மூடுகிறாள். பாலு கண்ணை மூடிக்கொண்டே பைக் சாவி கேட்கிறான். விருந்தாளிகள் வந்தால் முதலில் இந்தக் கதை, பிறகுதான் காபி.

போன தடவை கிளம்பும்போது பஸ் வந்துவிட்டது. ஜன்னல் நிறைய ஆட்கள். மல்லிகா கீழே நின்று கண்ணை மூடிக்கொண்டாள்.

“அந்தம்மா இந்தத் தடவ வருவாங்களா?”

பஸ்ஸே பார்த்தது. எனக்கு ஆட்டக்கூடத் தலை வரவில்லை. அவள் கண்ணைத் திறக்கவும் இல்லை.

“தெரியல. நான் இருப்பேன்” என்றேன்.